தொண்டை வலி: ராபிட் டெஸ்டா, கல்ச்சரா?

போன மாதம் எட்டு வயது மகளுக்குத் திடீரென்று 102 டிகிரி காய்ச்சல். எச்சில் விழுங்கினாலே அழுதாள். பாலக்கோட்டில் முதலில் காட்டிய இடத்தில் ரத்தம் எடுத்து ஏஎஸ்ஓ பார்க்கச் சொன்னார்கள். நார்மல் என்று வந்தது. மறுநாள் தர்மபுரிக்குக் கூட்டிப் போனபோதுதான் அந்தக் காசு தண்டம் என்று தெரிந்தது. ஏஎஸ்ஓ காட்டுவது, தொண்டை வலியைக் கொண்டுவரும் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது ஏறவே ஒரு வாரம் பிடிக்கும், உச்சத்துக்கு வர 3 முதல் 6 வாரம். பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப்புக்குப் பிறகு வந்து இதயத்தைக் கெடுக்கக்கூடியது) சந்தேகம் வந்தால் உதவும், நேற்று வந்த வலிக்கு அல்ல.

வெறுமனே பார்த்துச் சொல்வதும் முழுசாகத் தேறாது. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி வலி, இருமல் இல்லாமை. 1981இல் சென்டர் என்பவர் வகுத்த நான்கு அடையாளங்கள் இவை. நான்கும் இருந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஸ்ட்ரெப். மூக்கு ஒழுகி, இருமி, குரல் கம்மினால் பெரும்பாலும் வைரஸ்தான், டெஸ்டே வேண்டாம்.

மிச்சம் இரண்டு டெஸ்ட்: தொண்டையில் தடவி எடுத்ததில் கிருமி இருக்கிறதா என்று உடனே பார்க்கும் ராபிட், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். ராபிட் டெஸ்ட் பத்து நிமிஷ வேலை. பாசிட்டிவ் வந்தால் நம்பி மருந்து தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால் பிள்ளைகளுக்குக் கல்ச்சரும் பார்த்துவிடச் சொல்கிறார்கள், ஏனென்றால் சில கேஸ்களை ராபிட் தவறவிடும். நான் கேட்ட இரண்டு லேபிலும் கிட் இல்லை, நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே இதில் என் பேச்சைப் பாதிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது கல்ச்சர். தொண்டையில் தடவிய பஞ்சுக் குச்சியை (ஸ்வாப்) ஆட்டு ரத்தம் கலந்த அகார் என்ற கூழ்த் தட்டில் தேய்த்து வைப்பார்கள். கிருமி வளர்ந்தால் சுற்றிலும் ரத்தம் கரைந்து தெளிந்த வளையம் தெரியும். முடிவு வர ஒன்றிரண்டு நாள். என் பயமெல்லாம் அந்த இரண்டு நாள்தான். "வலி தொடங்கி 9 நாளுக்குள்ள ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம், பயப்படாதீங்க சார்" என்றார் டாக்டர். அதைக் கேட்டபிறகு கல்ச்சரின் மேல் இருந்த ஒரே புகாரும் போய்விட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துக் காத்திருந்தோம்.

ஆனால் கல்ச்சரைக் கெடுப்பது மிகச் சுலபம். ஆன்டிபயாடிக் உள்ளே போனபிறகு ஸ்வாப் எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். பெரியவனுக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலினை முதல்நாள் இரவே கொடுக்க என் மனைவி கையில் எடுத்துவிட்டாள். காலாவதித் தேதியைப் பார்த்து வைத்துவிட்டாள், தப்பித்தோம். ஸ்வாபும் இரண்டு டான்சிலிலும் தொண்டையின் பின்சுவரிலும் அழுத்தித் தடவினால்தான் சரி. நாக்கில், கன்னத்தில் படக்கூடாது. தலையை நான் பிடித்துக்கொண்டேன். குமட்டினாள், திட்டினாள், ஐந்து விநாடியில் முடிந்தது.

மறுநாள் மாலை பாசிட்டிவ். 10 நாளுக்கு அமாக்சிசிலின். பெரியவனுக்கும் ஸ்வாப் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வலியோ காய்ச்சலோ இல்லாதவனுக்கு எதற்கு என்றார் டாக்டர். நோயே இல்லாமல் கிருமியைத் தொண்டையில் சுமக்கும் பிள்ளைகள் உண்டாம். அவர்களுக்கு ராபிட், கல்ச்சர் இரண்டுமே பாசிட்டிவ் காட்டும்.