“ஐடி ஷேர் விழாது ஐயா” என்று சொல்லி எங்கள் அப்பாவின் நிலப் பணத்தைக் கரைத்தார்கள்

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ஓசூர்–தருமபுரி நாலுவழிச் சாலைக்கு நிலம் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். அந்தப் பணத்தில் 8 லட்சத்தை எங்கள் அப்பா தருமபுரியில் ஒரு ஷேர் ஏஜென்டை நம்பிப் போட்டார், 2021 டிசம்பர் கடைசியில். ஆறு மாதம் கழித்து மிஞ்சியது 2 லட்சத்து 30 ஆயிரம்.

அந்த ஆள் வீட்டுக்கே வந்து லேப்டாப்பில் 2020-ஆம் ஆண்டின் படத்தை மட்டும் காட்டினார். “கொரோனால உலகமே முடங்கிச்சு, ஐடி ஷேர் ஏறிச்சு பாருங்க ஐயா. பொருளாதார மந்தம் வந்தா அமெரிக்காக்காரன் செலவைக் குறைக்க வேலையை நம்ம பெங்களூருக்குத்தான் அனுப்புவான். டாலரும் ஏறும்.” எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறார்கள். அப்பா நம்பிவிட்டார்.

2020-இல் ஏறியது உண்மைதான். அமெரிக்காவில் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், ஊரே வீட்டிலிருந்து வேலை செய்தது. ஆனால் 2008-ஐ அவர் காட்டவில்லை. அந்த ஆண்டு ஐடி பங்குகளும், மொத்தச் சந்தையின் போக்கைக் காட்டும் சென்செக்ஸ் குறியீடு மாதிரியே பாதியாகச் சரிந்தன. அமெரிக்காவில் 2000 மார்ச்சில் உச்சத்தில் இருந்த, டெக் கம்பெனிப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபருக்குள் 78 சதவீதம் விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 ஆனது. நம் பெரிய ஐடி நிறுவனங்களுக்கு வருமானத்தில் பெரும் பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே கையைச் சுருக்கினால் புது புராஜெக்ட்டைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள்.

மந்தம் வரக்கூட வேண்டாம், வரும் என்ற பயமே போதும். 2022 மார்ச்சிலிருந்து அங்கே வட்டியை ஏற்றிக்கொண்டே போனார்கள், மந்தம் வந்துவிடுமோ என்ற பயமும் கூடியது. அந்த ஆண்டு நம் நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி 4 சதவீதம் ஏறியது. நிஃப்டி ஐடி குறியீடு மட்டும் சுமார் 26 சதவீதம் இறங்கியது.

சரி, விலை இறங்கியதற்கு ஏஜென்டைத் திட்ட முடியாது. அவர் செய்த மோசடி வேறு. அப்பாவின் 8 லட்சத்துக்கு மேல் இன்னொரு 8 லட்சத்தைத் தரகு நிறுவனத்தில் மார்ஜின் கடனாக (ஷேரை அடமானம் வைத்து, ஷேர் வாங்கவே தரும் கடன்) எடுத்து, 16 லட்சத்துக்கும் ஐடி ஷேரே வாங்கியிருக்கிறார். வட்டி மட்டும் மாதம் 12 ஆயிரம். ஷேரை அடமானம் வைக்க வந்த ஓடிபியை “கணக்கு சரிபார்க்கிறோம் ஐயா” என்று போனில் கேட்டு வாங்கியிருக்கிறார். 2022 ஜூனில் விலை சுமார் 30 சதவீதம் இறங்கியதும் கடனை ஈடுகட்ட நிறுவனமே எல்லாவற்றையும் விற்றுவிட்டது. சொந்தப் பணத்தில் மட்டும் வாங்கியிருந்தால் காத்திருந்திருக்கலாம். கடன் இருந்ததால் அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்கு ஏன் தெரியவில்லை? கணக்கில் கொடுத்திருந்த ஈமெயில் ஏஜென்டுடையது. வாங்கியது, விற்றது, வட்டி என எல்லா விவரமும் அவருக்கே போயிருக்கிறது. புகார் கொடுத்தால், “ஓடிபி உங்கள் நம்பருக்குத்தான் வந்தது, நீங்கள்தான் சம்மதித்தீர்கள்” என்று நிறுவனம் பதில் எழுதியது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் புகார்த் தளமான ஸ்கோர்ஸிலும் புகார் போட்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இப்படிக் கணக்கு தொடங்கியிருந்தால், அதில் யாருடைய ஈமெயில், யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஷேர் வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் கான்ட்ராக்ட் நோட் (என்ன ஷேர், என்ன விலை என்ற விவரச் சீட்டு) வர வேண்டும். அது உங்கள் கைக்கு வராவிட்டால் ஏஜென்டிடம் கேட்காதீர்கள், நேராகத் தரகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். மார்ஜின் வசதியை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

போன வாரம் அதே ஆள் அப்பாவுக்கு மறுபடி போன் செய்தார். “ஐயா, ஐடி ஷேர் இப்போ நல்ல மலிவு.” அப்பா பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார்.