புகாராவில் எதை வாங்குவது: சூசனியா, நாரைக் கத்தரிக்கோலா?

உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் உள்ள 16ஆம் நூற்றாண்டுக் குவிமாடச் சந்தைகளில் நுழைந்தால் இரண்டும் கண்ணை இழுக்கும். ஒரு பக்கம் பூவேலைத் துணியான சூசனி, இன்னொரு பக்கம் நாரை வடிவக் கத்தரிக்கோல்.

சூசன் என்றால் பாரசீகத்தில் ஊசி. மணப்பெண்ணின் சீருக்காக வீட்டுப் பெண்கள் சேர்ந்து தைத்தது இது. குறுகலான துணிப் பட்டைகளை லேசாக இணைத்து, கோலம் வரைந்து, பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். தைத்து முடித்தபின் மறுபடி இணைப்பார்கள். அதனால் இணைப்பில் பாதி மாதுளை ஒரு நிறம், மீதி வேறு நிறம் என்று இருக்கலாம். அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு அதுதான் அழகு. வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முடிச்சும் நூல் தாவலும் தெரிந்தால் கைவேலை. எல்லாம் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் இயந்திரம். பழைய சூசனி என்றால் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சான்றிதழ் தேவைப்படும், விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கத்தரிக்கோல் விலை குறைவு, கைக்கு அடக்கம். அலகுதான் வெட்டும் பகுதி. முன்பு புகாராவின் கோபுரங்களில் நாரைகள் கூடு கட்டி வாழ்ந்தன. சுற்றியிருந்த நீர்நிலைகள் வற்றியதும் போய்விட்டன. கொல்லர்கள் கடையிலேயே அடித்துத் தீட்டுவதைப் பார்க்கலாம். துணியை வெட்டிப் பார்த்தே வாங்குங்கள். அப்புறம், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள்.

கையில் பணம் இருந்தால் நான் சூசனியைத்தான் சொல்வேன்.