டீலரிடம் வாங்கிய பழைய காரில் பழுது: சரிசெய்யக் கேட்பதா, திருப்பிக் கொடுப்பதா, வழக்குப் போடுவதா?

டீலரிடம் வாங்கிய பழைய கார் சில வாரங்களிலேயே தொல்லை கொடுக்க ஆரம்பித்தால், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "கொண்டுபோய் விட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வா" என்பார் ஒருவர். "தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி முடித்துவிடு, அலைச்சல் மிச்சம்" என்பார் இன்னொருவர். "கேஸ் போடு" என்பார் மூன்றாமவர். மூன்றுமே சில நேரங்களில் சரியான வழிகள்தான். ஆனால் எது சீக்கிரம், எதில் செலவு குறைவு என்று மட்டும் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஒரு வழியில் இறங்கியதும் மற்ற வழிகளில் எதெல்லாம் அடைபட்டுப் போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த ஒப்பீட்டுக்கும் அதுவே அளவுகோல்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது சாட்சியம் சேர்ப்பது. பழுது தெரிந்த அன்றே ஓடோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். சத்தம், புகை, கியர் விழாமல் திணறுவது எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும் சத்தம் என்றால், காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே எடுக்கவேண்டும். ஆயில் விளக்கு எரிந்தாலோ வெப்பநிலை முள் ஏறினாலோ அதோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் ஓட்டினால், "நீங்கள் ஓட்டித்தான் என்ஜின் போனது" என்று டீலர் சொல்ல அது ஒன்றே போதும்.

அடுத்து, டீலரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மட்டும்தான், பிரிக்கக்கூடாது. ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவானதைப் படிக்கும் கருவி) போட்டால், பழுதைக் குறிக்கும் எர்ரர் கோட் மட்டுமல்ல, அந்தக் கோட் பதிவான நேரத்தில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன வெப்பத்தில் இருந்தது என்ற விவரமும் பல வண்டிகளில் கிடைக்கும். இன்னொரு முக்கியமான தகவலும் அதில் இருக்கிறது. புகை சார்ந்த பாகங்களை வண்டி தானே சோதித்து முடித்துவிட்டதா என்பதை 'ரெடினெஸ்' என்ற பகுதி காட்டும். எர்ரர் கோட்களை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இந்தச் சோதனைகள் முதலிலிருந்து தொடங்கும். டெலிவரி எடுத்த மறுநாளே ஸ்கேன் செய்து, பெரும்பாலானவை முடியாமல் கிடந்தால், விற்பதற்குச் சற்று முன் யாரோ கோட்களை அழித்து எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கலாம். இது மட்டுமே நிரூபணம் ஆகாது, பேட்டரி மாற்றினாலும் இப்படி வரும். ஆனால் அதே கோட் இரண்டு வாரத்தில் திரும்ப வந்தால், உங்கள் பக்கம் வலுவாகிறது.

மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை கேளுங்கள். "கிளட்ச் போய்விட்டது" என்று எழுதிக் கொடுத்தால் அதனால் பெரிய பயனில்லை. "இந்த அளவு தேய்மானம் சில நூறு கிலோமீட்டரில் வராது, விற்ற நாளிலேயே இருந்திருக்கவேண்டும்" என்று எழுதினால்தான் அது வேலை செய்யும். ஏனென்றால் இந்தத் தகராறு முழுவதும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: பழுது டெலிவரிக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா?

டீலரையே சரிசெய்யச் சொல்வது

செலவில்லை. மற்ற வழிகளையும் இது அடைப்பதில்லை. டீலருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்ற பதிவு பின்னால் வழக்குக்கும் உதவும். அதனால் பெரும்பாலான பழுதுகளுக்கு நான் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

குறை என்னவென்றால், டீலருக்கு இது செலவு. செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார். விளக்கை மட்டும் அழித்துக் கொடுப்பது, ரேடியேட்டரில் ஒழுகலை அடைக்கும் திரவத்தை ஊற்றுவது, சத்தம் கேட்காமல் இருக்கத் தடித்த ஆயில் போடுவது எல்லாம் இந்தத் தொழிலில் நடக்கிறவைதான். ஆகவே வண்டியை விடும்போதே ஜாப் கார்டு கேளுங்கள். என்ன பழுது, என்ன பாகம் மாற்றப்போகிறார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்று அதில் இருக்கவேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். போனில் பேசினாலும் அன்றைக்கே "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி மூன்று மாதம் இழுபட்டு, கடைசியில் 'நீங்கள் அப்போது சொல்லவே இல்லையே' என்று கேட்க நேர்ந்தவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எத்தனை முறை வாய்ப்புக் கொடுப்பது? என் கருத்தில், அதே பழுதுக்கு ஒரு முறை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஒரு முறை சரிசெய்தும் வண்டி சரியாகவில்லை என்றால், வாங்கியவர் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம்.

வெளியில் சரிசெய்துவிட்டு பில்லை நீட்டுவது

மனசுக்கு நிம்மதி தருவது இதுதான். நம்பிக்கையான கை, நல்ல பாகம், இரண்டு நாளில் வண்டி தயார். ஆனால் மற்ற கதவுகளை மிக அதிகமாக அடைப்பதும் இதுவே. டீலர் இரண்டு விஷயம் கேட்பார்: எனக்கு ஏன் வாய்ப்புத் தரவில்லை, பழுது இருந்ததற்கு என்ன ஆதாரம்? கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்த பிறகு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். பழைய பாகம் குப்பைக்குப் போயிருந்தால் எதை அனுப்புவது?

இந்த வழி நியாயமாகும் இடங்களும் உண்டு. பயணத்தின் நடுவில் பிரேக் பிடிக்காமல் போனால் யாரும் டீலரின் பதிலுக்காகக் காத்திருக்கமுடியாது. எழுத்தில் தெரிவித்து, கெடு கொடுத்து, பதிலே வராவிட்டாலும் போகலாம். அப்போது இரண்டு இடத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், பிரிக்கும்போது படம் எடுங்கள், பழைய பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள். பல்பு, வைப்பர், பழைய பேட்டரி மாதிரி சின்னச் செலவுகளுக்கு இந்த முறைதான் சிறந்தது. அதற்கெல்லாம் டீலரிடம் பணம் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய காரில் வயதுக்கேற்ற தேய்மானம் இருக்கும் என்பதை எந்தச் சட்டமும் மறுப்பதில்லை.

திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவது

எல்லாவற்றிலும் வலுவான வழி, ஆனால் நாள் கணக்கைப் பார்த்து ஓடவேண்டிய வழி. எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து நிலைமை தலைகீழாக மாறும். பிரிட்டனில் டீலரிடம் வாங்கிய காரில் பழுதிருந்தால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அந்த நாட்களுக்குள் சரிசெய்ய விட்டால், சரிசெய்யும் காலம் கணக்கில் சேராது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் 'லெமன் லா', அதாவது பழுதான பொருளை வாங்கியவருக்கான பாதுகாப்புச் சட்டம், பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது டெலிவரியின்போதே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கும் விதிகளில் இந்தச் சாதகம் குறைந்தது ஓராண்டுக்கு உண்டு. அமெரிக்காவிலோ டீலர் 'ஆஸ் இஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே, என்று விற்பதைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. விற்பனைக்கு நிற்கும் காரில் ஒட்டவேண்டிய 'பையர்ஸ் கைடு' என்ற தாளில் வாரண்டி உண்டா இல்லையா என்று இருக்கும், அந்தத் தாளின் பிரதியைத் தேடி எடுங்கள். மூன்று நாளுக்குள் மனம் மாறினால் திருப்பலாம் என்ற அந்நாட்டு மத்திய விதி, டீலர் கடையில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதற்காக இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டுப் போய்ப் பழைய பழுது என்றால் எடுபடாது.

பழுதுக்கும் பொய்க்கும் இங்கே வித்தியாசம் பார்க்கவேண்டும். ஓடோமீட்டரைக் குறைத்திருந்தாலோ, பெரிய விபத்தை மறைத்திருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தாலோ, சரிசெய்து தருகிறேன் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அதைச் சரிசெய்ய முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கலாம். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியில் ஒரு கதவு மட்டும் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு காட்டினால், உள்ளே பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள். பல வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். அவற்றோடும் பழைய சர்வீஸ் பில்களோடும் ஒப்பிட்டால் மீட்டரில் கைவைத்தது வெளிப்படும். இப்படிப்பட்ட ஏமாற்று வேலைக்கு 'இருக்கிற நிலையில்' என்ற வாசகம் பொதுவாகக் கவசமாகாது.

திருப்பிக் கொடுப்பதாக எழுதிய பிறகு அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஓட்டினால் நீங்களே ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். சாவியை ஒப்படைக்கும்போது தேதி, கிலோமீட்டர், கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். உரிமை மாற்றம் முடியும்வரை அபராதம் உங்கள் பேரில்தான் வரும். கடன் தவணையைக் கோபத்தில் நிறுத்தவேண்டாம். கடன் கொடுத்தவருக்கும் டீலருக்கும் உள்ள சண்டையாக அது மாறாது, உங்கள் கடன் வரலாறுதான் கெடும். ஒரு விதிவிலக்கான சாதகத்தையும் சொல்லவேண்டும். சில கடன் ஏற்பாடுகளில், உதாரணமாக பிரிட்டனின் ஹையர் பர்ச்சேஸ் என்ற வாடகைக் கொள்முதல் முறையில், சட்டப்படி காரைத் தருவது நிதி நிறுவனம்தான். அங்கே டீலரோடு மல்லுக்கட்டுவதைவிட நிதி நிறுவனத்திடம் புகார் கொடுப்பது பலன் தரும்.

வேறு கார் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால்

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். உங்கள் காரைக் குறைத்து மதிப்பிட்டு, அடுத்த காரை ஏற்றி விலை சொல்வார்கள். மொத்தத்தில் இரண்டாவது முறையும் அவர்களுக்கே லாபம். கொடுத்த தொகை முழுதும் கழிக்கப்பட்டால், புதிய காரை உங்கள் மெக்கானிக் பார்த்துச் சரி என்றால், யோசிக்கலாம்.

விலையைக் குறைத்துக்கொள்வது

இதை மக்கள் கேட்பதே குறைவு, ஆனால் அருமையான வழி. வண்டி ஓடுகிறது, பிடித்திருக்கிறது, ஏசி கம்ப்ரஸர் மட்டும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நம் மெக்கானிக்கிடம் நல்ல பாகம் போட்டுக்கொள்ளலாம். டீலரின் ஒட்டுவேலையும் இல்லை, வண்டியை விட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருப்பதும் இல்லை.

வாரண்டி இருக்கிறதே, அதில் கேளுங்கள் என்றால்

டீலர்கள் மிக விரும்பும் பதில் இது. பணம் வேறொரு கம்பெனியின் பையிலிருந்து போகுமே! வாரண்டியால் சரியாகிறது என்றால் நல்லதுதான். ஆனால் அதன் தாளை வாசித்துவிட்டுப் போங்கள். ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கலாம். முன்கூட்டி அனுமதி வாங்காமல் பிரித்தால் கிடையாது என்றிருக்கலாம். 'தேய்மானம்' என்ற சொல்லில் கிளட்சும் டர்போவும்கூட அடங்கிப்போகலாம். வாரண்டி கம்பெனி மறுத்துவிட்டால் டீலரின் சட்டப்பொறுப்பும் முடிந்துவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. வாங்கியவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இருக்கும் நாடுகளில் வாரண்டி அதற்கு மேல் கூடுதலாக வருவதுதான்.

வழக்கு

கடைசியில் வைத்ததற்குக் காரணம் காலம்தான். தொகை பெரிதாக இருந்து, சாட்சியம் கைவசம் இருந்தால் தயங்கவே வேண்டாம். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் தானே வாதிடலாம், பல நாடுகளின் சிறு வழக்கு மன்றங்களிலும் அப்படியே. பல நேரங்களில் மெக்கானிக் அறிக்கையும் தேதிவாரியான கடிதங்களும் இணைத்த ஒரு நோட்டீஸ் போனாலே டீலர் பேச வந்துவிடுவார்.

என்னைக் கேட்டால், ஏசி, சென்சார், சஸ்பென்ஷன் போன்றவற்றுக்கு டீலரின் ஒரு முறை பழுதுபார்ப்பு அல்லது விலைக்குறைப்பு. கூலண்ட் தொடர்ந்து குறைந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் ஒழுகாமல் அடைக்கும் தகடு) போயிருப்பதாகத் தெரிந்தாலோ, ஆட்டோமேட்டிக் கியர் வழுக்கினாலோ, சட்டம் இடம் கொடுக்கும் நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கத்தான் பார்ப்பேன். என்ஜினைத் திறந்த பிறகு என்னென்ன வெளிவரும் என்று யாராலும் சொல்லமுடியாது. பொய் சொல்லி விற்ற வண்டிக்குப் பணம் திரும்ப வந்தே ஆகவேண்டும், இல்லையேல் வழக்கு.

எந்த வழியில் முடிந்தாலும், பணம் தரும் நாளில் டீலர் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். 'இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்ற வரி அதில் இருந்தால், ஏசிக்காகக் கொடுக்கும் தொகைக்குக் கியர் பாக்ஸ் உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள். எந்தப் பழுதுக்கான தீர்வு என்று அந்தப் பழுதின் பெயரை எழுதச் சொல்லி, தொகை கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.