கல்யாண ஆல்பத்து நிறத்துக்காக அறுபது ரோல்

எங்கள் வீட்டு மர பீரோவில் அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் இருக்கிறது. 1983, கும்பகோணம். அதில் எல்லாமே செங்கல் பொடி தூவிய மாதிரி இருக்கும். மணவறைத் திரை, அப்பாவின் வேட்டி, பந்தக்காலில் கட்டிய வாழை மரம் எல்லாம் அப்படித்தான். வாழை இலைகூடப் பச்சை கிடையாது, காய்ந்த பாக்கு மட்டை நிறம். அம்மாவின் முகூர்த்தப் புடவை அரக்கு என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019 கடைசியில் யாரோ பயன்படுத்திய ஒரு பெண்டாக்ஸ் கே1000 பிலிம் கேமராவை வாங்கியபோது மனதில் இருந்தது அந்த ஆல்பத்து நிறம்தான். பிலிமில் எடுத்தால் அது தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

வரவில்லை. கோடாக் கோல்ட் 200, கலர்பிளஸ் 200 என்று முதல் நாலைந்து ரோல் போட்டேன். மயிலாப்பூர் மாட வீதி, மெரினா, ஊர் வயல். படங்கள் நன்றாக இருந்தன, அதுதான் பிரச்சினை. இலை பச்சையாக, வானம் நீலமாக, தோல் தோல் நிறத்தில். லேசாக ஒரு மஞ்சள் வெதுவெதுப்பும் பொடிப்பொடியாகக் கொஞ்சம் கிரெயினும் உண்டு, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் கோபப்பட ஒன்றுமில்லை. நிறம் சரியாக வரவேண்டும் என்றுதானே அந்தக் கம்பெனிகள் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

அதன் பிறகு தப்பாக வர வைப்பதற்கான வழிகளில் இறங்கினேன். ஐந்து வருடத்தில் ஏறத்தாழ அறுபது ரோல். ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து, கூரியரும் சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூறைத் தொடுகிற காலத்தில் இது கொஞ்சம் திமிரான பொழுதுபோக்குதான். அதனால்தான் எது காசுக்குத் தகுந்தது, எது தண்டம் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் போனது லோமோகுரோம் பர்ப்பிள். 2013-இல் லோமோகிராபி என்ற கம்பெனி அறிவித்த பிலிம். இதற்கு முன்மாதிரி கோடாக்கின் ஏரோகுரோம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டிய பிலிம். உயிருள்ள இலை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், பச்சைப் பெயின்ட் அடித்த துணி அனுப்பாது. அதனால் மேலிருந்து படமெடுத்தால் நிஜக் காடு சிவப்பாகவும், காடு மாதிரி மூடி மறைத்த ராணுவ வண்டி வேறு நிறத்திலும் தெரியும். ஏரோகுரோம் இப்போது தயாரிப்பில் இல்லை. பர்ப்பிளுக்கு அகச்சிவப்பு தெரியாது. சாதாரண வெளிச்சத்திலேயே நிறங்களை இடம் மாற்றிப் போடுகிறது: பச்சை ஊதாவாகும், நீலம் பச்சை கலந்த நீலமாகும், மஞ்சள் ரோஸ் பக்கம் சாயும், சிவப்பு மட்டும் ஏறக்குறைய சிவப்பாகவே நிற்கும். கலர் நெகட்டிவ்களுக்கான வழக்கமான சி-41 முறையில் கழுவலாம் என்பதால் எந்த லேபும் மறுக்காது.

மார்கழியில் ஊருக்குப் போய் சம்பா வயலை எடுத்தேன். தண்டு பிடித்து நிற்கிற பயிர் அடிவானம் வரை ஊதா. வாய்க்கால் மேட்டில் தென்னை ஊதா. கோயில் மதிலின் காவிப் பட்டை மட்டும் மாறாமல் காவி. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா மொபைலில் பார்த்துவிட்டு, “என்னடா இது, யாரோ வயல்ல சாயப்பட்டறைத் தண்ணிய விட்ட மாதிரி இருக்கு” என்றாள். அப்போது சிரித்தேன். மூன்றாவது ரோலில் அம்மா சொன்னதுதான் கண்ணில் பட ஆரம்பித்தது. எதை எடுத்தாலும் படம் “பார், ஊதா” என்று ஒரே வாக்கியத்தைச் சொல்கிறது. இன்னொரு சங்கதி, சென்னைத் தெருவில் இது எடுபடவே இல்லை. மாற்றுவதற்குப் பச்சை வேண்டும். சிமென்ட் சுவரும் தார் ரோடும் இருந்தால் அழுக்குக் கறை படிந்த சாதாரணப் படம்தான் வரும். பெட்டியில் ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை என்று போட்டிருக்கும். ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகம், எண்ணைக் குறைத்து வைத்தால் பிலிமுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். எனக்கு 200-இல் வைத்ததுதான் ஒத்துவந்தது. வருடத்துக்கு ஒரு ரோல், அதுவும் டெல்டாவில் அல்லது கேரள எல்லைப் பக்கம், போதும்.

இந்த ஐந்து வருடத்தில் நான் அதிகம் பயன்படுத்தியது ரெட்ஸ்கேல். தனி பிலிம் வாங்கவே வேண்டாம். சாதாரண கலர் ரோலைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் லென்ஸைப் பார்க்குமாறு வைத்தால் முடிந்தது. கலர் நெகட்டிவில் நீலத்தை உணரும் அடுக்கு மேலே, அதன் கீழே நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டி, அடுத்து பச்சை அடுக்கு, அடியில் சிவப்பு அடுக்கு. திருப்பிப் போட்டால் வெளிச்சம் முதலில் சிவப்பு அடுக்கில் விழுகிறது. நீலம் மஞ்சள் வடிகட்டியைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது. நீலமே இல்லாத உலகம்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பழைய ரோல் கூடு ஒன்றில் இரண்டு அங்குல வால் நீட்டிக்கொண்டிருக்குமாறு லேபில் கேட்டு வாங்குங்கள். புது ரோலின் நுனியைத் தலைகீழாகப் புரட்டி அந்த வாலோடு டேப் போட்டு ஒட்டுங்கள். மற்றதெல்லாம் கை நுழைக்கும் கறுப்புப் பைக்குள். பழைய கூட்டின் கட்டையைத் திருகத் திருக பிலிம் அதற்குள் போகும். கடைசியில் வெட்டிவிட்டால், வெளியே நிற்கும் துண்டே புது நுனி. மேலே மார்க்கரில் பெரிதாக எழுதிவைத்துவிடுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டேன். அதைச் சாதாரண ரோல் என்று நினைத்து 200-இல் வைத்து ஒரு முழுக் காது குத்து விசேஷத்தை எடுத்தேன். வந்தது கருஞ்சிவப்பில் சில மூக்குகளும் ஒரு குத்துவிளக்கும். அக்கா இன்றுவரை அந்தப் பேச்சை விடவில்லை.

ரெட்ஸ்கேலில் நிறத்தைத் தீர்மானிப்பது வெளிச்சத்தின் அளவு. இது புரிந்த பிறகுதான் எனக்கு அதில் பிடிப்பு வந்தது. கோல்ட் 200-ஐத் திருப்பிப் போட்டு மீட்டரில் 100 வைத்தால் ரத்தச் சிவப்பு. 50 வைத்தால் அந்தி நேரத்து ஆரஞ்சு. 25 வைத்தால் வெளிர் மஞ்சள், நிழல்களில் ஒரு சிட்டிகைப் பச்சைகூட எட்டிப்பார்க்கும். எனக்குப் பிடித்தது இந்த 25. ஒரே காட்சியை மூன்று விதமாக எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேர்ந்தெடுக்கலாம். நம் வெயிலில் ஐஎஸ்ஓ 25 ஒரு கஷ்டமே இல்லை. இன்னொன்று, படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி வரும். முதல் ரோலில் டீக்கடை போர்டு எல்லாம் தலைகால் புரியாமல் போய், அப்புறம்தான் திருப்ப வேண்டும் என்று உறைத்தது.

அடுத்தது காலாவதியான பிலிம். ஊர்ப்பக்கம் மூடப்போகிற ஸ்டுடியோ ஒன்றில் ஒரு பை நிறையக் கிடைத்தது. 2005, 2006 தேதி போட்ட கொனிக்கா, பியூஜி ரோல்கள். கூடவே ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ (Indu) பிராண்டு பிலிம் பெட்டி ஒன்று. அது காலி. இருந்தாலும் எடுத்துவந்தேன், மேஜை மேல் பேனா போட்டுவைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், அதாவது இரண்டு மடங்கு, என்பது பிலிம்காரர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு. அது குளிர்ச்சியான இடத்தில் இருந்த ரோலுக்குப் பொருந்தலாம். ஓட்டுக்கூரையின் கீழ் பதினைந்து கோடை பார்த்த ரோலுக்கு நான் இரண்டரை, மூன்று ஸ்டாப் வரை கொடுத்தேன். மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் இன்னொரு நிறம் என்று ஏறுமாறாகச் சாயும். பாதி ரோல் புகை மூட்டமாகத்தான் வந்தது. ஆனால் ஒரு கொனிக்கா ரோலில் காவிரிப் படித்துறைப் படங்கள் நான்கு, வெளிறிய ரோஜா நிறத்தில் வந்தன. அவற்றை இன்னொரு முறை எடுக்க யாராலும் முடியாது, என்னாலும். முக்கியமான எதையும் இதில் எடுக்காதீர்கள். அவ்வளவுதான் நிபந்தனை.

சினிஸ்டில் 800டி (800T) பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கோடாக்கின் 500டி (500T) சினிமா பிலிமின் முதுகில் ஒரு கறுப்புக் கார்பன் பூச்சு இருந்தது. நான் வாங்கியது அதை முன்கூட்டியே நீக்கிவிட்டு விற்ற பிலிம். பூச்சு இல்லாததால் விளக்கின் பிரகாசம் பின்னால் மோதித் திரும்பி, அடியில் இருக்கும் சிவப்பு அடுக்கை இன்னொரு முறை தொடுகிறது. விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் வருவது அதனால்தான். மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் ரிஷப வாகன இரவுக்கு ஒரு ரோல் போட்டேன். சீரியல் பல்புகள் ஒவ்வொன்றும் குங்குமப் பொட்டு மாதிரி வந்தன, கொடுத்த காசுக்கு மேல். அதே பிலிமை எல்இடி தெருவிளக்கு மட்டும் இருக்கிற ரோட்டில் எடுத்தால் நீலம் பூத்துச் சவக்கிடங்கு மாதிரி ஆகிவிடுகிறது. மஞ்சள் குண்டு பல்பின் ஒளிக்குச் சமன் செய்த பிலிம், நம் தெருக்களில் அந்தப் பல்பே ஒழிந்துவிட்டது.

ஸ்லைடு பிலிமை, அதாவது நெகட்டிவ் இல்லாமல் நேராகவே படம் வரும் பிலிமை, நெகட்டிவ் ரசாயனத்தில் கழுவும் கிராஸ் பிராசஸையும் இரண்டு முறை பார்த்தேன். கான்ட்ராஸ்ட் எகிறி, எல்லாம் பச்சையாக வந்தது. ஸ்லைடு பிலிம் இன்று விற்கிற விலைக்கு அதைப் பாழாக்க எனக்கு மனசு வரவில்லை. நிறம் மாறட்டும் என்று புளித்தண்ணீரில் ரோலை ஊறவைத்ததையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்ணீர் சூடாக இருந்துவிட்டது, பிலிமின் மேல்பூச்சு ஆடை மாதிரி உரிந்து வந்தது. செய்தே தீருவேன் என்பவர்கள் வீட்டிலேயே கழுவுங்கள். லேபில் கொடுத்தால் அடுத்தவர் ரோலும் நாசமாகும்.

வீட்டில் கழுவுவது என்றதும் பயப்பட வேண்டாம். சி-41 டெவலப்பருக்கு 37.8 டிகிரி வேண்டும், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. வெளிநாட்டுக்காரர்கள் தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவி வாங்குகிறார்கள். எனக்குச் சித்திரை மாதம் மொட்டை மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது. கறுப்பு வெள்ளைக்குத்தான் 20 டிகிரி வேண்டும் என்று ஐஸ் கட்டியோடு அல்லாட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம்விட நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஸ்கேன் பற்றி. முதல் ரெட்ஸ்கேல் ரோலை ஒரு லேபில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். வந்த படங்களில் சிவப்பே இல்லை, நோயாளியின் முகம் மாதிரி ஒரு வெளிறிய பழுப்பு. என் வேலைதான் தப்பு என்று இரண்டு ரோல் வீணடித்தேன். பிறகு நெகட்டிவை வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஸ்கேனர் தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிட்டிருக்கிறது. சிவப்பு கூடிப்போயிருக்கிறது என்று அதுவாக முடிவுகட்டிக் கழித்துவிட்டது. “கலர் கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே வேண்டும்” என்று கவரின் மேல் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தேன். பாதி நேரம் கேட்டார்கள். மீதி நேரம், பாவம், படம் கெட்டுப்போச்சே என்று நல்லெண்ணத்தில் திருத்திக் கொடுத்தார்கள். 2022-இல் நெகட்டிவைப் பின்னாலிருந்து ஒளியூட்டும் ஒரு லைட் பேடும், கிட்டத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் வாங்கி, டிஜிட்டல் கேமராவில் நானே நெகட்டிவைப் படமெடுக்கத் தொடங்கினேன். விசித்திர நிறம் வேண்டும் என்பவர்கள் பிலிமுக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழிக்கலாம்.

லைட் பேட் வந்த வாரம் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. கல்யாண நெகட்டிவ்கள். ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை, மற்றபடி பத்திரம். ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்து, நெகட்டிவ் நிறங்களை நிஜ நிறங்களாக மாற்றினேன். வாழை இலை பச்சை. திரை நீலம். அம்மாவின் புடவை அரக்கே இல்லை, மயில் கழுத்து நிறம். அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் கிடந்தாலே மங்கிவிடும், மஞ்சளும் மெஜந்தாவும் மிஞ்சும். ஆல்பம் சிவந்தது அப்படித்தான். எந்த பிலிமும் அந்த நிறத்தில் எடுத்ததில்லை. பீரோவுக்குள் நாற்பது வருடம் இருந்ததுதான் எடுத்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதத்தான நான் அப்பலேந்து சொல்றேன், மயில் கழுத்துன்னு. நீ எங்க கேட்ட?” என்றாள். அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாத்தா பக்கத்தில் நிற்பது யார் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பழைய தோற்றம் வேண்டும் என்று பிலிம் வாங்குவதை விட்டுவிட்டேன். ரெட்ஸ்கேலை விடவில்லை. இப்போது பிரிட்ஜில் காய்கறி டிரேக்குக் கீழே டப்பாவில் திருப்பிப் போட்ட கோல்ட் மூன்று, பர்ப்பிள் ஒன்று, 2006 கொனிக்கா இரண்டு இருக்கின்றன. வெளியே எடுத்தால் ஒரு மணி நேரமாவது மூடியைத் திறக்காமல் வையுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் பிலிம் மேல் வியர்த்துவிடும். கொனிக்காவில் ஒன்றை ஆடிப்பெருக்குக்கு வைத்திருக்கிறேன், அதே படித்துறைக்கு.