ஓரத்துக் கேமரா: ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய டேப்பும் என் கோபமும்

டேப்புக்கு மறுபடியும் சார்ஜிங் பின் போய்விட்டது. ரிச்சி தெருவில் 600 ரூபாய் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேன். "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார்" என்று கடைப் பையன் அக்கறையாகத்தான் சொன்னான். அதே வாரம் திருப்பூரிலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். அவள் பெண்ணை ஆன்லைன் கணக்கு டியூஷனில் சேர்த்திருக்கிறாள். "நீங்க வச்சிருக்கிற கம்பெனியோட புது மாடல் விலை கொறஞ்சிருக்குங்க அண்ணா, வாங்கட்டுங்களா?" என்று கேட்டு லிங்க்கும் அனுப்பினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கக் கேமரா இன்னமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரேம் (RAM), பிராசஸர் கதையெல்லாம் வேண்டாம், எங்கும் கிடைக்கும். பத்து அங்குலத் திரை, 2020 ஜூனில் வாங்கியது. அந்த ஜூனில் கடையில் எது மிச்சம் இருந்ததோ அதுதான் நம் மாடல். மகள் அப்போது எட்டாவது, மகன் நான்காவது.

விஷயத்துக்கு வருகிறேன். டேப்பைப் படுக்கைவாக்கில் வைத்துத்தான் வகுப்பு பார்க்க முடியும். அப்படி வைத்தால் கேமரா மேலே நடுவில் வராது, இடது ஓரத்தில் வந்து நிற்கும். பிள்ளை திரையின் நடுவில் தெரியும் டீச்சரைப் பார்க்கிறது. டீச்சர் பக்கத்திலோ, அது ஜன்னல் வழியாக யாரையோ பார்ப்பது போலத் தெரிகிறது. "எங்கம்மா பாக்குற? இங்க கவனி!" என்று மகள் தினமும் திட்டு வாங்கினாள். அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? நாற்பது சின்னக் கட்டங்களில் நாற்பது முகங்கள். டீச்சருக்குக் கிடைக்கும் தடயமே அந்தப் பார்வை ஒன்றுதான். அதையும் இந்த டேப் திருகிக் கொடுத்தது.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பொட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். திட்டு நின்றது. ஆனால் பொட்டைப் பார்க்கும் நேரத்தில் போர்டில் என்ன எழுதுகிறார்கள் என்பது போய்விடும். கவனிப்பது போல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கவனிப்பதை விட்டுவிட வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தேவையா?

நிமிர்த்தி வைத்தும் பார்த்தோம். கேமரா மேலே சரியாக வந்தது, முகமும் நேராக இருந்தது. ஆனால் டீச்சர் பகிரும் பக்கம் திரையின் குறுக்கே ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது. வரைபடத்தில் ஆறு எது, எல்லை எது என்றே தெரியவில்லை. இந்தச் சாதனம் செய்தவர்கள் மனதில் இருந்தது சினிமா பார்க்கிற ஆள். அவரை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. படிக்கிற பிள்ளைக்கோ பார்க்கவும் வேண்டும், டீச்சர் கண்ணில் படவும் வேண்டும். அப்போதே நீள விளிம்பின் நடுவில் கேமரா வைத்த டேப்கள் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐபேடிலேயே 2022-ல் வந்த பத்தாம் தலைமுறையில்தான் அந்த இடத்துக்கு மாற்றினார்கள் என்றபோது கொஞ்சம் ஆறுதல். கொஞ்சம்தான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். பேட்டரியைக் குறை சொல்லவே முடியாது. மத்திய அரசு 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புகளுக்காக வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. எங்கள் பள்ளிக்கு அந்தச் சுற்றறிக்கை வந்ததா என்று தெரியாது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மதியம் வரை பீரியட் மேல் பீரியட். பிள்ளைகள் துவண்டார்கள், டேப் துவளவில்லை. சத்தமும் தெளிவு.

எதிர்பாராத சந்தோஷம் கணக்கில் வந்தது. விடையை மட்டும் சாட்டில் போடச் சொன்னால் பிள்ளை எங்கே தப்பு செய்கிறது என்று டீச்சருக்குத் தெரியாது. நோட்டைத் தூக்கிக் கேமரா முன் காட்டினால் கை நடுக்கம், வெளிச்சம், மங்கல். போதாததற்கு நம் திரையில் மட்டும் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரியும். எதிர்முனையில் சரியாகத்தான் தெரிகிறது என்று சொல்லியும் மகன் நம்பாமல் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பான். அப்புறம் என் பழைய போனை அதே வகுப்பில் இரண்டாவது ஆளாக நுழைத்தேன். இரண்டு பிஸ்கட் டப்பாவை அடுக்கி, கேமரா மட்டும் நோட்டுக்கு மேலே நீட்டும்படி போனைப் படுக்க வைத்து, மேலே தமிழ் அகராதியைப் பாரமாக வைத்தோம் (இந்த வீட்டில் அது உழைத்தது அப்போதுதான்). போனில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஊளையிடும்.

முதல் நாளே பலன் தெரிந்தது. 502-லிருந்து 178-ஐக் கழிக்கும் கணக்கு. மகன் வழக்கம்போல 334 என்று எழுதினான். மேலேயிருந்து பார்த்த டீச்சர், "நில்லு, அந்தப் பூஜ்யத்துக்கு மேல என்ன எழுதின?" என்றார். ஐந்தை நான்காக்கிப் பத்து வாங்கியிருக்கிறான். அந்தப் பத்திலிருந்து ஒன்றை ஒன்றாமிடத்துக்குக் கொடுத்த பிறகும் அதை ஒன்பதாக்காமல் பத்தாகவே வைத்துவிட்டான். 324 வர வேண்டியது 334 ஆனது இப்படித்தான். அதுவரை "கவனக்குறைவு" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளையின் கை எழுதும்போதே டீச்சர் பார்க்க முடிந்தால் ஆன்லைன் வகுப்பு உருப்படும். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் இதுதான். இதைச் செய்து கொடுத்தது பழைய போன், டேப் அல்ல.

இரண்டு பிள்ளைக்கு ஒரு டேப் என்பதால் பங்கு பிரிப்பதும் ஒரு வேலை. எங்கள் குடியிருப்பில் சில வீடுகளில் நல்ல கருவி பையனுக்கு, அம்மாவின் உடைந்த திரைப் போன் பெண்ணுக்கு என்று தானாகவே அமைந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததல்ல, அதனாலேயே யாரும் கேள்வியும் கேட்கவில்லை. இங்கே வகுப்பை வைத்துத் தீர்த்தோம். வரைபடம், அறிவியல் படம் என்றால் பெரிய திரை, காதால் கேட்டால் போதும் என்ற பாடத்துக்குப் போன். இதில் இன்னொன்றும் கவனித்தேன். பள்ளியில் கையே தூக்காத மகள் சாட்டில் தாராளமாகச் சந்தேகம் கேட்டாள். மகன் தலைகீழ். வகுப்பை மூலையில் சின்ன ஜன்னலாக்கிவிட்டு கேம் ஆடுவான். பூட்டு போடும் செயலி எதுவும் உதவவில்லை. திரை கூடத்தைப் பார்த்து இருக்கும்படி மேஜையைத் திருப்பிப் போட்டது உதவியது.

பின்பக்கக் கேமராவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடைப் படிக்க வைக்க, மல்லாத்தி, சாய்த்து, பக்கத்தை அழுத்திப் பிடித்து ஒரு கூத்தே நடக்கும். அதற்குள் கல்வித் தொலைக்காட்சியில் அந்தப் பாடமே முடிந்துவிடும்.

இப்போது மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மகன் தமிழக அரசின் மணற்கேணி செயலியில் பாட வீடியோ பார்க்கிறான். டேப் தட்டுத்தடுமாறினாலும் ஓடுகிறது. வெறுமனே பார்ப்பதற்கு இதைவிடச் சொகுசான சாதனம் இல்லை. அங்கே யாரும் அவனைப் பார்க்கப்போவதில்லை, கேமரா எந்த மூலையில் இருந்தால் என்ன. இத்தனை வருடம் உழைத்திருக்கிறது, 600 ரூபாய் போட்டதில் வருத்தமும் இல்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகத் தரலாம்.

ஆனால் நீ வாங்காதே என்றுதான் தங்கையிடம் சொன்னேன். அந்தக் காசுக்குக் கொஞ்சம் பழைய லேப்டாப் கிடைக்கும், கேமரா நெற்றிக்கு நேரே இருக்கும், கூட வீட்டில் கிடக்கும் போனை நோட்டுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். டேப்தான் வேண்டுமென்று பாப்பா அடம்பிடித்தால் கடைக்கு நேரில் போ. படுக்கைவாக்கில் பிடித்து முன்பக்கக் கேமராவைத் திறந்து, திரையின் நடுவைப் பார்த்து ஒரு போட்டோ எடு. படத்தில் உன் கண் வேறெங்கோ போனால், விற்பனையாளர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அங்கேயே வைத்துவிட்டு வா.