நடையா, தம்புள்ஸா? பெல்ட் சொன்ன கணக்கு

கோவை ரேஸ் கோர்ஸில் விடியக்காலை பாதி ஊர் நடந்துகொண்டிருக்கும். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். தை தொடங்கி மூன்று மாதம், தினமும் இரண்டு சுற்று நடந்தேன். அதே மூன்று மாதம் என் தங்கை வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போனார். இருவருமே 75 கிலோ ஆசாமிகள்.

சித்திரையில் எடை பார்த்தோம். எனக்கு இரண்டு கிலோ இறங்கியிருந்தது, அவருக்கு அரை கிலோ ஏறியிருந்தது. "காசு போனதுதானுங்க மச்சான் மிச்சம்" என்றார். ஆனால் இடுப்பு இளைத்து, அவர் பெல்ட்டை இறுக்கப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். என் பெல்ட் பழைய ஓட்டையிலேயே இருந்தது.

நடையின் கணக்கு எளிது. 75 கிலோ ஆள் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, ஒரு கிலோ குறைய ஒரு மாதம் நடக்க வேண்டும். அதுவும் நடை முடிந்து இரண்டு உளுந்து வடையும் டீயும் சாப்பிடாமல் இருந்தால்! சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை நல்லது, குறைத்த எடை திரும்பாமலும் காக்கும். தசை வளர்வதற்கு மட்டும் அது போதாது. சமதரையில் நடக்கக் கால் பழகிவிட்டால், அதற்குமேல் வளரவேண்டிய தேவை தசைக்கு இல்லை.

ஜிம்மில் ஒரு மணி நேரத்துக்குச் செலவாகும் கலோரியும் நடையைவிடப் பெரிதாக அதிகமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தொடக்க வாரங்களில் தூக்கும் எடை கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்புகள் வேலை பழகுவதுதான். தசை சேமிக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தன்னோடு மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்து வைப்பதால் மெஷினில் எடை சற்று ஏறியும் காட்டும். பலர் இந்தக் கட்டத்தில்தான் ஜிம்மை விடுகிறார்கள். விடாமல் போனால் கொழுப்பு இறங்கும், தசை ஏறும், இரண்டும் ஈடாகி எடை அப்படியே நிற்கும். மாப்பிள்ளைக்கு நடந்தது இதுதான். 'தசை இருந்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்' என்று ஜிம்காரர்கள் சொல்வது மட்டும் கொஞ்சம் மிகை. ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் நாளுக்கு 13 கலோரிதான் எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டை விட்டுவிட்டால் இரண்டுமே வீண். தசை ஏற, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும், 75 கிலோவுக்கு 120 கிராம். நம் அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசிதான் ஜாஸ்தி. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ரசம் வைத்துக் குடித்துக் கொழுப்பு கரையுமென்று காத்திருப்பவர்கள் உண்டு. கொள்ளு எதையும் கரைக்காது. ஆனால் 100 கிராமில் 22 கிராம் புரதம் இருக்கிறது, ரசத்தை விட்டுவிட்டு, கொள்ளைக் கடைந்து சாப்பிடுங்கள்.

காசில்லாமல் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஈரோடு பக்கம் சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படி. அங்கே தூக்கும் எடை நம் உடம்புதான், தொடைக்கு நல்ல வேலை. மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால். முட்டி வலி உள்ளவர்கள் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்கலாம். தங்கை ஆடும் கொங்கு கும்மியாட்டமான வள்ளிக்கும்மியும் வேகநடைக்குச் சமம்தான், அரங்கேற்றம் முடிந்தபின் பயிற்சி நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், நாற்பதைத் தாண்டியவர்கள் பளுவை விடக்கூடாது. முப்பதுக்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகவே கரைகிறது. சோற்றை மட்டும் குறைத்து இளைத்தால் போகும் எடையில் ஏறக்குறைய கால்பங்கு தசைதான். உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 நிமிட நடையோடு இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேர்த்தே கேட்கிறது. இப்போது திங்களும் வியாழனும் மாப்பிள்ளையோடு ஜிம்முக்குப் போகிறேன், மற்ற நாளில் ரேஸ் கோர்ஸ். வடைக்கடையை மட்டும் இன்னும் தாண்டிப் போக முடியவில்லை.