7,400 ரூபாய் வாங்கிக்கொண்டு ரூட்டரைத் தொடவே இல்லை: சேலத்துக்காரர்கள் கவனம்

சேலத்தில் லேப்டாப், மொபைல் சர்வீஸ் என்று போர்டு மாட்டிய ஒரு கடையில் போன வாரம் 7,400 ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன். கடை பெயரைப் போடப் போவதில்லை, இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள். வீட்டில் போலி அப்டேட் பாப்-அப் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

வீடு அம்மாபேட்டை பக்கம். லேப்டாப்பில் எதையாவது திறந்தால் "உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்" என்று ஒரு பெட்டி குதிக்கும். என் போனிலும் அதே, வீட்டுக்காரம்மா போனிலும் அதே, ஹாலில் இருக்கிற டிவியில் பிரவுசரைத் திறந்தால் அங்கேயும் அதே. நாங்கள் யாரும் அதை அழுத்தவில்லை. இதில் ஒரு விஷயம், வெளியே போய் மொபைல் டேட்டாவில் பார்த்தால் வராது, வீட்டு வைஃபைக்குள் வந்ததும் வரும். கடையில் நான் சொன்ன முதல் வாக்கியமே இதுதான், இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் பேசிய விதம் இருக்கிறதே! எடுத்த எடுப்பில் காசு பேசவில்லை. "அண்ணா, முதல்ல சிம்மைக் கழட்டி நீங்களே வெச்சுக்கோங்க, ஓடிபி வந்தா எங்ககிட்டகூட சொல்லாதீங்க" என்றான். ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்வானா என்று யாருக்குமே தோன்றும். அப்புறம் லேப்டாப்பில் ஏதோ ஒரு ஸ்கேனர் ஓட்டி, திரையை என் பக்கம் திருப்பினான். சிவப்பு சிவப்பாக நூற்றுக்கணக்கில் வரிகள். அதில் முக்கால்வாசி எந்த பிரவுசரிலும் சாதாரணமாகச் சேருகிற குக்கீ என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு அவன் "எல்லாம் வைரஸ்ணா, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பரவிடுச்சு, பேங்க் ஆப் இருக்கிற போன், அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொன்னபோது வீட்டுக்காரம்மா முகமே மாறிவிட்டது. டீ வேறு வரவழைத்துக் கொடுத்தான்.

லேப்டாப் ஃபார்மேட் 1,200, இரண்டு போனுக்கும் சேர்த்து 1,200, மூன்று வருட ஆன்டிவைரஸ் 3,500, "நெட்வொர்க் கிளீனிங்" என்று ஒன்று 1,500. ஆக மொத்தம் 7,400 ரூபாய். ஜிஎஸ்டி பில் கிடையாது, துண்டுச் சீட்டு. நெட்வொர்க் கிளீனிங்குக்கு வீட்டுக்கு ஆள் வரவேண்டாமா என்றால், "ரிமோட்லயே முடிச்சிட்டோம்ணா" என்றான்.

காசு போனதைவிட வலிப்பது வேறு. வீட்டுக்காரம்மா வாட்ஸ்அப்பில் பட்டுச் சேலை ஆர்டர் எடுக்கிறாள். யாருக்கு என்ன நிறம், ரவிக்கை அளவு, எவ்வளவு அட்வான்ஸ் என்று எல்லாம் அந்த சாட்டில்தான். "பேக்கப் எடுத்துட்டோம்" என்று பென்டிரைவ் கொடுத்தார்கள், திறந்தால் போட்டோ மட்டும். ஒரு சாட்கூட இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கூப்பிட்டு "அக்கா, உங்க அளவு மறுபடி சொல்லுங்க" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரியே பாப்-அப் திரும்பி வந்துவிட்டது. புதிதாகத் துடைத்த போனில், அதே பெட்டி.

கூப்பிட்டால் "டெக்னீஷியன் ஏற்காட்டுல கேமரா மாட்டப் போயிருக்காருங்க, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் அவர் லீவு. மெசேஜுக்கு நீல டிக் விழும், பதில் வராது. ஆன்டிவைரஸைத் திறந்து பார்த்தால் 30 நாள் ட்ரையல் என்று காட்டுகிறது, அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் பதில் இல்லை. நேரில் போய் உட்கார்ந்தபோது, கூட வந்திருந்த என் பையனைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல யாராச்சும் வேண்டாத சைட் பாத்தா இப்படித்தான் வரும்ணா" என்றான். பத்தாவது படிக்கிற பையன், கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். 7,400 ரூபாயும் வாங்கிக்கொண்டு இந்தப் பேச்சு.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் ஏரியாவுக்கு ஃபைபர் லைன் பார்க்கிற தம்பி. வைஃபையில் மட்டும்தான் வருகிறது என்றதும் நேராக ரூட்டருக்குப் போனான். பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க 192.168.1.1 என்று அடித்தான், யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின், மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. உள்ளே டி.என்.எஸ். என்ற இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு எண். டி.என்.எஸ். என்பது எந்த வெப்சைட் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர். அதை மாற்றிவிட்டால் வைஃபையில் இருக்கிற அத்தனை சாதனமும் திருடனிடம் வழி கேட்டு நடக்கும், சாதனத்துக்குள் வைரஸே தேவையில்லை. அதனால்தான் ஃபார்மேட் செய்தும் போகவில்லை. இது புதுசும் இல்லை, 2018-லேயே ரோமிங் மேன்டிஸ் என்ற கும்பல் இதே மாதிரி ரூட்டரின் டி.என்.எஸ்.-ஐ மாற்றி, குரோம் அப்டேட் என்று போலி ஆப்பை இறக்க வைத்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. சர்வீஸ் கடை நடத்துகிறவனுக்கு இது தெரியாதா?

தம்பி எண்ணை மாற்றி, பாஸ்வேர்டை மாற்றி, ரூட்டரின் சாஃப்ட்வேரையும் அப்டேட் செய்துவிட்டுப் போனான். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். பாப்-அப்பில் வரும் அப்டேட்டைத் தொடாதீர்கள், போனில் குரோம் அப்டேட்டை பிளே ஸ்டோரில் பாருங்கள். எல்லா சாதனத்திலும் வந்து மொபைல் டேட்டாவில் வராவிட்டால் முதலில் ரூட்டரைப் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டர் பக்கத்தின் பாஸ்வேர்டு வேறு, இரண்டையும் மாற்றுங்கள். ரீசெட் பட்டனை அவசரப்பட்டு அமுக்காதீர்கள், ஃபைபர் லாகின் விவரமும் அழிந்து நெட்டே போய்விடலாம், லைன்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பேங்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். சாட் பேக்கப்பை உங்கள் கண்ணால் பார்க்காமல் எவனிடமும் போனைக் கொடுக்காதீர்கள்.

நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். துண்டுச் சீட்டு, ட்ரையல் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய யுபிஐ ரசீது மூன்றும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி "நெட்வொர்க் கிளீனிங்" என்று கேட்டு யாரிடமாவது வாங்கியிருந்தால் கமென்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.